சுன்னாகத்துக் கிணறுகளும் லூமனின் கோட்பாடும்

ஜேர்மன் சமூகவியலாளர் நிக்லஸ் லூமனை (1927–1998) வாசிக்கத் தொடங்குபவர்கள் பலரும் ஓரிடத்தில் நின்றுவிடுவதுண்டு. சமூகம் மனிதர்களால் ஆனதல்ல, தொடர்பாடல்களால் ஆனது என்கிறார் அவர். இதை வைத்துக்கொண்டு களத்தில் என்ன செய்வது? எனக்கும் நெடுநாள் விளங்கவில்லை. சுன்னாகத்தின் கழிவு எண்ணெய்ப் பிரச்சினை பற்றிய ஆவணங்களைச் சேர்த்து வாசித்தபோதுதான் ஒரு வழி தெரிந்தது.

சட்டம், பொருளாதாரம், விஞ்ஞானம், அரசியல் ஆகியன நவீன சமூகத்தில் தனித்தனி முறைமைகள் என்பது லூமனின் வாதம். ஒவ்வொன்றும் தன் கேள்வியை மட்டுமே கேட்கும். சட்டத்துக்குச் சட்டபூர்வமா இல்லையா என்பது; பொருளாதாரத்துக்குப் பணம் செலுத்தப்படுமா என்பது; விஞ்ஞானத்துக்கு உண்மையா பொய்யா என்பது. சூழல் மாசு பற்றி 1986இல் எழுதிய நூலில் இதை அவர் விரிவாகப் பேசுகிறார். கிணறு தானாகப் பேசாது. அதன் கெடுதி இந்தக் கேள்விகளில் ஒன்றாக மாறினால்தான் சமூகத்தின் காதில் விழும்.

சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது. விஞ்ஞானத்தில் அது அறிக்கைகளின் மோதலாயிற்று: ஒரு தரப்பின் பரிசோதனை எண்ணெய் மாசைக் காட்ட, இன்னொரு குழு அபாயமில்லை என்றது. அரசியலில், யார் மறைக்கிறார்கள் என்ற சண்டை. நிர்வாகம் பவுசரில் குடிநீர் அனுப்பியது. அது தாகத்துக்கு விடை, மாசுக்கு அல்ல. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. நியாயமான தீர்ப்புத்தான். ஆனால் அங்கே கிணறு ஒரு தொகையாகவே உள்ளே வர முடிந்தது.

ஆகவே ஆய்வாளர் ஒவ்வோர் ஆவணத்திடமும் கேட்கவேண்டியது, இது உண்மையா என்பதை மட்டுமல்ல. இது எந்தக் கேள்விக்கு எழுதப்பட்ட விடை, எதைக் காணவே முடியாமல் விட்டது என்பதையும்தான். கோட்பாட்டை அப்படியே வினாக்கொத்தாக்கி மக்களிடம் நீட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன், பயனில்லை.

லூமனிடம் எனக்கொரு மனக்குறையும் உண்டு. மனிதரைச் சமூகத்தின் சூழலில் வைத்துவிடுவதால், தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு வாளியைக் கவிழ்க்கும் பெண்ணுக்கு அவரது பக்கங்களில் இடமில்லை. பவுசர் வராத நாளில் அவர் எந்தத் தண்ணீரில் உலை வைத்தார் என்பது நான் சேர்த்த ஆவணங்கள் எதிலும் இல்லை. அதை வீடு வீடாகப் போய்த்தான் கேட்கவேண்டும்.