பத்து நிமிடப் பந்தி

முன்னறிவிப்பு இல்லாமல் நாலு பேர் சாப்பாட்டு வேளைக்கு வந்து நின்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து வந்தவர்களோடு பேசுவார்கள். அடுக்களையில் ஒருத்தி உலையில் இன்னும் கொஞ்சம் அரிசியைக் களைந்து போடுவாள். சாப்பிட்டு எழுந்தவர்கள், "பிரமாதமான உபசாரம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த நாலு பேரை நாலாயிரம் பேராக ஆக்கிப் பாருங்கள். ஒருவேளைச் சாப்பாட்டை நான்கு ஆண்டு மூன்று மாதத்துக்கு நீட்டிப் பாருங்கள். சம்பளம் கிடையாது. அரசுப் பணம் கிடையாது. சர்க்கரைக்கும் காபிக்கும் ரேஷன். இப்படி ஒரு பந்தியை, ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்த ஒரு ரயில்வே ஊரின் பெண்கள் நடத்திக் காட்டினார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில், நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயர் நார்த் பிளாட்.

ரயில் வந்ததால் உருவான ஊர் அது. லகோட்டா, ஷையென், பானி பழங்குடியினர் வேட்டையாடி வாழ்ந்த புல்வெளியில், வட பிளாட், தென் பிளாட் ஆறுகள் கூடும் இடத்தில், 1866இல் யூனியன் பசிபிக் நிறுவனம் தண்டவாளம் போட்டபோது ஊரும் முளைத்தது. எஞ்சின் ஓட்டுநர், ஃபயர்மேன், கார்டு, பட்டறைத் தொழிலாளி என ஊரின் சம்பளம் பெரும்பாலும் ரயிலிலிருந்து வந்தது. அந்தச் சம்பளம் ஆண்களின் கைக்கு வந்தது. ஊரின் பெருமையாகச் சொல்லப்பட்டவர்களும் ஆண்களே. எருமை வேட்டைக்கும் சாகசக் காட்சிகளுக்கும் பேர்போன பஃபலோ பில் இங்கே பண்ணை வைத்திருந்தார். யூனியன் பசிபிக்கின் தலைவராக உயர்ந்த வில்லியம் ஜெஃபர்ஸ் இந்த ஊரில் பிறந்தவர். 1941வரை இந்த ஊர் வரலாற்றைத் தேடினால் பெண்களின் பெயரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டும்.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. பத்தே நாளில், டிசம்பர் 17 அன்று, நார்த் பிளாட்டில் ஒரு செய்தி பரவியது. நெப்ராஸ்கா படையின் டி கம்பெனி சிப்பாய்கள், அதாவது அந்த வட்டாரத்துப் பிள்ளைகள், இந்த வழியாக ரயிலில் போகிறார்கள். அம்மாக்கள், அக்கா தங்கைகள், காதலிகள் என ஏறத்தாழ 500 பேர் பலகாரமும் பழமும் சிகரெட்டும் எடுத்துக்கொண்டு குளிரில் காத்து நின்றார்கள். ரயிலும் வந்தது. அதில் இருந்ததும் டி கம்பெனிதான். ஆனால் பக்கத்து மாநிலமான கேன்சஸின் டி கம்பெனி. ஒரு முகம்கூடத் தெரிந்த முகமாக இல்லை.

கொண்டுவந்ததைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. யார் பெற்ற பிள்ளையாக இருந்தால் என்ன என்று ஜன்னல் வழியே நீட்டினார்கள்.

அந்தக் கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண்ணும் இருந்தார். மருந்துக்கடையில் விற்பனை வேலை. அவருடைய அண்ணன் நெப்ராஸ்கா டி கம்பெனியில் அதிகாரி. மறுநாளே அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: இந்த வழியே போகும் எல்லாப் படை ரயில்களுக்கும் இதைச் செய்யலாமே, ஒரு கேண்டீன் தொடங்கலாமே, நானே முன்னின்று நடத்தத் தயார். கடிதம் வெளியான ஒரே வாரத்தில், கிறிஸ்துமஸ் அன்று, முதல் ரயிலுக்கு உபசாரம் நடந்தது. ஜெஃபர்ஸின் அனுமதியோடு ரயில் நிலையத்தின் உணவகக் கூடம் பெண்களின் கைக்கு வந்தது.

இனி வேலையின் கணக்கைப் பார்ப்போம். நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியும் தண்ணீரும் நிரப்ப, சக்கரங்களுக்கு எண்ணெய் விட, நார்த் பிளாட்டில் ரயில் நின்றாக வேண்டும். அந்த நேரம் 10 அல்லது 15 நிமிடம். அதற்குள் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் இறங்கி ஓடிவந்து, சாண்ட்விச்சும் முட்டையும் கேக்கும் காபியும் வாங்கிக்கொண்டு திரும்பி ஏற வேண்டும். படை ரயில் வரும் நேரம் ராணுவ ரகசியம். ரயில்வே ஊழியர்கள் கடைசி நேரத்தில் கொடுக்கும் குறிப்பை வைத்துத்தான் பெண்கள் தயாராக வேண்டும். சில நாட்களில் 20க்கும் மேற்பட்ட ரயில்கள் வந்தன. விடியற்காலை ஐந்து மணிக்கு வரும் முதல் ரயிலில் தொடங்கி, நள்ளிரவு தாண்டிப் போகும் கடைசி ரயில்வரை கெட்டில் இறங்கவில்லை.

1945 மார்ச் மாதக் கணக்கு ஒன்று பதிவாகியிருக்கிறது: 40,161 குக்கீகள், 30,679 வேகவைத்த முட்டைகள். முட்டையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ஏறத்தாழ ஆயிரம். கோழிக்குத் தீனி போட்டு, முட்டை பொறுக்கி, கழுவி, வேகவைத்து, உடையாமல் கட்டி, வண்டியேற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். "உபசாரம்" என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வினைச்சொற்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒரு ஊரால் மட்டும் இது முடியவில்லை. நெப்ராஸ்காவிலும் பக்கத்துக் கொலராடோவிலும் இருந்து 125 ஊர்கள் சேர்ந்தன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு முறை நாள். பெட்ரோலுக்கும் டயருக்கும் தட்டுப்பாடு இருந்த காலத்தில், சில ஊர்ப் பெண்கள் 300 கிலோமீட்டர் தாண்டி வந்து ஒரு நாள் பரிமாறிவிட்டுத் திரும்பினார்கள். சர்க்கரை ரேஷன் ஓர் ஆளுக்கு வாரம் அரைப் பவுண்டு. காபித்தூள் ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. பிறந்தநாள் காணும் சிப்பாய்க்குக் கேக் கொடுப்பது வழக்கமானது. ஒரு நாளைக்கு இருபது கேக்வரை தேவைப்பட்டது. தன் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் செய்யாமல் அந்தச் சர்க்கரையை மிச்சம் பிடித்தவர்கள் இருந்தார்கள். செலவுக்குப் பழைய இரும்பு விற்றார்கள், நடன நிகழ்ச்சி நடத்தினார்கள், உண்டியல் வைத்தார்கள். அரசாங்கம் எதுவும் தரவில்லை. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தன் பங்காக ஐந்து டாலர் அனுப்பினார்.

உடல்நலம் குன்றி ரே வில்சன் சில மாதங்களில் விலகினார். ஹெலன் கிறைஸ்ட் பொறுப்பேற்றார். எந்த ஊர் எந்த நாளில் வரும், எவ்வளவு ரொட்டி மிச்சம், எந்தப் பண்ணையில் பால் கிடைக்கும், எத்தனை கைகள் தேவை என்று ஒவ்வொன்றையும் திட்டமிட்டுத்தான் நடத்தினார்கள். ஆண்கள் செய்திருந்தால் இதற்கு "நிர்வாகம்" என்று பெயர் சூட்டி, பதவியும் சம்பளமும் கொடுத்திருப்பார்கள். பெண்கள் செய்ததால் "தாயுள்ளம்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த உள்ளம் இருந்ததை நான் மறுக்கவில்லை. தன் மகன் போரில் இறந்த செய்தி வந்த பிறகும், வேறு யாருடைய மகனுக்காவது உதவுகிறேன் என்று கேண்டீனுக்கு வந்து நின்ற தாயைப் பற்றி அந்த ஊரின் நினைவுகளில் படிக்கிறோம். இளம்பெண்கள் சோளப்பொரி உருண்டைக்குள் தங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிய சீட்டை வைத்துக் கொடுத்தார்கள். சில சீட்டுகள் கடிதமாகி, கல்யாணத்திலும் முடிந்தன. அன்பு உண்மை. அந்த அன்பைக் காட்டிக் கூலியையும் பெயரையும் மறைப்பது பழைய தந்திரம். அந்தக் காலப் பத்திரிகைப் பட்டியல்களில் மணமான பெண்கள் "திருமதி" என்ற சொல்லுக்குப் பின்னால் கணவர் பெயரோடுதான் வருகிறார்கள். ஆயிரம் முட்டை அவித்தவளின் சொந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளப் பல நேரம் வழியே இல்லை.

பெண் வரலாறு எழுதும்போது நமக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. பெண்கள் செய்த நல்லதை மட்டும் எழுதி மாலை போட்டுவிடக் கூடாது. 1929 ஜூலையில், ஒரு காவலர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, இதே நார்த் பிளாட்டில் வெள்ளையர் கும்பல் ஒன்று கருப்பின மக்களை ஊரைவிட்டுப் போகும்படி மிரட்டியது. ஒருவர் செய்த குற்றத்துக்காகக் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறின. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஊரின் கேண்டீனில் கருப்பினச் சிப்பாய்களுக்கும் காபி ஊற்றப்பட்டது. அமெரிக்க ராணுவமே இனம் பிரித்துத் தனித்தனிப் படைகளாக இயங்கிய காலத்தில் அது சிறிய விஷயமில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் ரயிலேறிப் போய்விடும் விருந்தாளிக்கு இடம் கொடுப்பது ஒன்று. பக்கத்து வீட்டில் வாழ இடம் கொடுப்பது வேறு. துரத்தப்பட்ட குடும்பங்களிலும் பெண்கள் இருந்தார்கள். அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். இந்த ஊரின் பெண் வரலாறு அவர்களையும் சேர்த்ததுதான்.

போர்க்காலத்தில் அமெரிக்க ரயில்வேயில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கூலிக்கு வேலை செய்தார்கள். எஞ்சின் துடைத்தார்கள், பட்டறையில் நின்றார்கள், தந்தி அனுப்பினார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பலருக்கு வேலை போனது. கேண்டீனும் 1946 ஏப்ரல் 1 அன்று மூடப்பட்டது. அதுவரை உபசரிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். உழைத்தவர்கள் ஏறத்தாழ 55,000 பேர், பெரும்பாலும் பெண்கள். மறுநாள் காலை அவர்கள் தங்கள் வீட்டு அடுப்புக்கே திரும்பினார்கள்.

1971இல் நார்த் பிளாட் வழியே பயணிகள் ரயில் நின்றுபோனது. 1973இல் அந்த நிலையக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். உலகின் மிகப் பெரிய சரக்கு ரயில் யார்டு இன்றும் அந்த ஊரில்தான் இருக்கிறது. கேண்டீன் இருந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

கட்டடம் போன பிறகு கதையைக் காப்பாற்றியவர்கள் சாப்பிட்டுப் போனவர்கள்தான். எண்பது வயதில் ஒரு முட்டை சாண்ட்விச்சை நினைத்து அழுத கிழவர்களிடமிருந்து கேட்டு எழுதப்பட்டதால் நமக்கு இது கிடைத்தது. அவர்களுக்குச் சாண்ட்விச் நினைவிருந்தது, நீட்டிய கை நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. பத்து நிமிடத்தில் பெயர் கேட்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. நமக்கு நேரம் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர்த் திருவிழாப் பந்தியில், போராட்டப் பந்தலில், வெள்ள நிவாரண முகாமில் சாப்பிட உட்காரும்போது, உள்ளே போய்ச் சமைத்தவளின் பெயரைக் கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.