கூலிமும் ஒரு வளைவின் வரலாறும்

கெடா மாநிலத்துக் கூலிம், ஈயத்தாலும் ரப்பராலும் வளர்ந்த ஊர். தமிழ்த் தொழிலாளர் பால்மரக் காடுகளில் வியர்வை சிந்திய அவ்வட்டாரத்தில், 2022ஆம் ஆண்டு போர்ஷே நிறுவனத்தின் கயென் கார் பூட்டப்படலாயிற்று. ஐரோப்பாவுக்கு வெளியே அந்நிறுவனத்துக் கார் பூட்டப்பட்ட முதல் இடம் இதுவே.

அப்பெயரின் புகழ் எளிதில் கிட்டியதன்று. 1950களில் பெயர்பெற்ற 356 காரில் எஞ்சின் பின்புறம் இருந்தது. பின்சக்கரங்களோ உள்முனையில் மட்டுமே மடங்கும் அரை அச்சுகளில் ஊசலாடின. வேகமாகத் திரும்புகையில் திடீரென வேகத்தைத் தணித்தால் பின்பகுதி மேலெழும். வெளிச்சக்கரம் உட்புறம் மடியும். டயரின் பிடி தளரும். கார் நிலைகுலைந்து சுழலும்.

1964இல் விற்பனைக்கு வந்த 911, ஊசல் அச்சைக் கைவிட்டுச் சாய்ந்த தாங்குகரங்களை ஏற்றது. ஆயினும் பின்பாரத்தின் தொல்லை முற்றும் நீங்கவில்லை. 1968இல் முன்பின் சக்கரங்களின் இடைவெளி 57 மில்லிமீட்டர் நீட்டப்பட்டது. 1993இல், பல கரங்கள் கூடிப் பின்சக்கரத்தைத் தரையோடு பொருத்தி நிறுத்தும் அமைப்பு வந்தது. எஞ்சின் இடம் மாறவில்லை. குறை பெரிதும் தணிந்தது.

விரைவைத் தருவது எஞ்சின். அதனைச் சாலையில் நிலைநிறுத்துவது கண்ணுக்குத் தெரியாத அக்கரங்களே.

அவற்றை வரைந்த கைகள் ஜெர்மனியில் இருந்தன. கூலிமுக்கு வந்தது பூட்டும் பணி. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வி பூட்டுவதோடு நில்லாது, வரைவதையும் எட்டும் நாளில்தான் கெடாவின் வரலாறு அடுத்த வளைவைக் கடக்கும்.