மலைநாட்டில் மருத்துவ நிலையம் எழுந்த வரலாறு

நீலகிரியின் மேற்குச் சரிவில் தொடங்கி, அட்டப்பாடியைக் கடந்து, பாலக்காட்டுக் கணவாயில் ஒருமுறை தாழ்ந்து, நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், ஆனைமலை என மீண்டும் உயர்ந்து, தேவிகுளத்தைச் சென்றடைகிறது ஒரு மலைத்தொடர். கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் பெரும்பாலும் அதுவே எல்லை. பாலக்காடும் இடுக்கியும் படத்தில் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. இடையே திருச்சூரும் எறணாகுளமும் வந்துவிடுகின்றன. ஆயினும் இரண்டின் மலையோரங்களிலும் வாழும் பழங்குடி மக்கள் துன்பத்தில் உறவினர். நோயுற்றவரை மூங்கிலில் துணி கட்டிச் சுமந்து, காட்டு வழியே பல மைல் இறக்கிவந்தால்தான் மருத்துவரைக் காண இயலும் என்ற நிலை அங்கே தலைமுறை தலைமுறையாக நிலவியது. இடுக்கியின் முதுவர்கள், மதுரையிலிருந்து குழந்தைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்து மலையேறியவர்கள் என்று அவர்தம் மரபுக் கதை கூறும். பெயருக்கு அக்கதை பொருந்துமோ பொருந்தாதோ, சுமை அவர்களை விட்டு நீங்கவில்லை என்பது மட்டும் உண்மை.

இத்தகைய மக்கள் தமக்கென ஒரு மருத்துவ நிலையத்தை எவ்வாறு அமைத்துக்கொள்கின்றனர் என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். அரசு கட்டிக்கொடுத்த நிலையங்களின் வரலாறு அறிக்கைகளில் உண்டு. மக்கள் தாமே முயன்று எழுப்பியவற்றின் வரலாறு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. நன்கு அறியப்பட்ட ஒன்று இதே மலைத்தொடரின் வடபால், கூடலூரில் உள்ளது. அதனை அடையுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

சுகாதார நிலையம் என்ற கருத்து நம் நாட்டுக்கு நூறாண்டுப் பழமை உடையது. இலங்கையில் களுத்துறையில் 1926ஆம் ஆண்டில், ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையோடு ஒரு சுகாதாரப் பிரிவு நிறுவப்பெற்றது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல், பிள்ளைப்பேறு, குடிநீர், கழிப்பிடம், அம்மை குத்துதல் ஆகிய அனைத்தையும் ஒரு வட்டாரத்துக்குள் ஒரே அமைப்புக் கவனித்தல் வேண்டும் என்பது அதன் கொள்கை. சில ஆண்டுகளில் அம்முறை திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரையிலும், சென்னை மாகாணத்தில் பூந்தமல்லியிலும் கால்கொண்டது. பின்னர் 1943ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு, 1946ஆம் ஆண்டில் தன் அறிக்கையை அளித்தது. 40,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் உடனடியாக வேண்டும் என்றது அவ்வறிக்கை. அக்குழுவில் உறுப்பினராக இருந்த டாக்டர் லட்சுமணசாமி முதலியாரே, 1959ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அடுத்த பெருங்குழுவுக்குத் தலைமை தாங்கினார். இடையில், 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் வழியே, வட்டந்தோறும் நிலையங்கள் தோன்றலாயின.

இக்கணக்கில் மலைநாட்டுக்கு ஒரு சலுகையும் பின்னர் அளிக்கப்பட்டது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்றால், மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு. கணக்கு நியாயமானதாகவே தோன்றும். ஆனால் மலைமீது 20,000 பேர் சேர்ந்து வாழும் இடம் எங்கே? இருபது முப்பது வீடுகள் ஒரு குன்றில். அடுத்த ஊர் ஓர் ஆற்றைத் தாண்டி மற்றொரு குன்றில். தலைகளை எண்ணும் கணக்கு, தொலைவை எண்ணுவதில்லை. காகிதத்தில் ஒரு நிலையத்தின் எல்லைக்குள் அடங்கிய ஊர், மழைக்காலத்தில் எந்த நிலையத்துக்கும் எட்டாததாகிவிடும்.

பாலக்காட்டுப் பகுதிக்கு இன்னொரு குறையும் இருந்தது. 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை அது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மன்னராட்சியின்கீழ் இருந்த திருவிதாங்கூரும் கொச்சியும் மருத்துவ வசதியில் முன்னேறியிருந்த அளவுக்கு மலபார் முன்னேறவில்லை. கூடலூரும் பழைய மலபாரின் ஒரு துண்டே. தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட அப்பகுதி 1877ஆம் ஆண்டில்தான் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. ஆகவே கூடலூரின் கதையைக் கூறும்போது, எல்லைக்கு அப்பாலுள்ள பிறிதொரு நாட்டின் கதையைக் கூறுவதாக நாம் எண்ணவேண்டியதில்லை.

1952ஆம் ஆண்டிலேயே இம்மலைகளைப் பற்றி உலக மருத்துவ ஏடுகளில் ஒரு செய்தி வெளியாயிற்று. லேமன், கட்புஷ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், நீலகிரிப் பழங்குடி மக்களின் குருதியில் அரிவாள் வடிவ அணுக் குறைபாடு இருப்பதைக் கண்டு எழுதினர். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அக்குறைபாட்டைப் பெறும் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் வளைந்து, சிறு நாளங்களில் அடைத்துக்கொள்ளும். எலும்பு மூட்டுகளில் தாங்கொணா வலி தோன்றும். குருதிச் சோகை ஓயாது. ஆராய்ச்சி உலகம் அறிந்துகொண்டது, நோயாளி அறிந்துகொள்ளவில்லை. தம் பிள்ளைகளின் வலிக்குப் பெயர் உண்டு என்பதை அம்மக்கள் கேட்பதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் செல்லவேண்டியிருந்தது. அறிவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே தங்கிவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கூடலூர் வட்டாரத்தில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என ஐந்து பழங்குடிகள் வாழ்கின்றனர். நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம நிலங்கள், தேயிலைத் தோட்டங்கள், சமவெளியிலிருந்து குடியேறியோர், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் என ஒருவர்பின் ஒருவராக வந்தவர்களுக்கு இடையே, முன்பே இருந்தவர்களின் நிலம் சுருங்கிக்கொண்டே சென்றது. ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் 1969ஆம் ஆண்டில் வந்தது. ஆயினும் பட்டா என்ற காகிதத்தை அறியாதவர்களுக்கு அதனால் விளைந்த நன்மை சிறிது.

1985ஆம் ஆண்டில் ஸ்டான் தெக்கேக்கரா, மாரி தெக்கேக்கரா ஆகியோர் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுடன் சேர்ந்து அக்கார்டு என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஊர்தோறும் சங்கங்கள் கூடின. அவை ஒன்றாகி ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் என்று பெயர் பெற்றன. முதற்கோரிக்கை மருத்துவமன்று, நிலமே. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் ஏறத்தாழ 10,000 பேர் கூடலூர்த் தெருக்களில் ஊர்வலமாகச் சென்றனர். அதற்குமுன் கடைத்தெருவில் ஓரமாக ஒதுங்கி நடந்தவர்கள் அவர்கள். அந்நாளை ஆண்டுதோறும் அவர்கள் கொண்டாடுவதில் வியப்பில்லை.

மருத்துவமனையைப் பற்றிப் பேசவந்த நாம் ஊர்வலத்தைப் பற்றிக் கூறுவது ஏன் என்று நேயர்கள் வினவலாம். வரிசை முறையில் பொருள் உண்டு என்பது நம் கருத்து. முதலில் கட்டடம், பிறகு மருத்துவர், இறுதியில் நோயாளி என்பதே பொதுவாக நாம் காணும் முறை. கூடலூரில் முதலில் சங்கம் வந்தது. சங்கத்திலிருந்து சுகாதாரப் பணியாளர் வந்தனர். மருத்துவமனை கடைசியில் வந்தது.

1987ஆம் ஆண்டில் டாக்டர் தேவதாசன், டாக்டர் ரூபா தேவதாசன் ஆகிய இருவரும் அங்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் உடனே சிகிச்சைக் கூடம் திறக்கவில்லை. ஊரார் தேர்ந்தெடுத்த ஆண்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சியளித்தனர். வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீரைக் கொடுத்தல், கர்ப்பிணியைக் கண்டறிந்து இரும்புச்சத்து மாத்திரை உண்ணச் செய்தல், தடுப்பூசிக்கு அழைத்துவருதல், குழந்தையின் எடையை மாதந்தோறும் குறித்தல் ஆகியவை அப்பயிற்சி. கேட்பதற்கு மிக எளியவை. ஆனால் கர்ப்பத்தை அயலாரிடம் வெளிப்படுத்துவதே முறையன்று என்று எண்ணும் ஒரு குடியில், அவ்வூர்ப் பெண்ணே சென்று கேட்டாலன்றி, எத்தகைய பட்டம் பெற்ற மருத்துவருக்கும் விடை கிடைக்காது. தாய்மார் பிள்ளைப்பேற்றில் மாண்டதும், குழந்தைகள் ஐந்து வயதுக்குள் மறைந்ததும் ஊழ்வினை எனப்பட்ட நிலை, இப்பணியாளர்களால் மெல்ல மாறத் தொடங்கிற்று.

எனினும் ஓரளவுக்கு மேல் ஊர்ப் பணியாளர் என் செய்வர்? பிள்ளை குறுக்கே கிடந்தால் அறுவை வேண்டும். கடுங்காய்ச்சலுக்குப் படுக்கை வேண்டும். நகரத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினால் பலர் போக மறுத்தனர். போனவர்களும் இடையில் திரும்பினர். அங்கே பேசும் மொழி புரியவில்லை, தம்மை மதிப்பாரில்லை என்பதே அவர்தம் குறை. அப்படியாயின் நமக்கென ஒன்று அமைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் சங்கத்தில் எழுந்தது. 1990ஆம் ஆண்டில் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை தொடங்கிற்று. அறுவை மருத்துவர் டாக்டர் நந்தகுமார் மேனனும், மகப்பேறு மருத்துவர் டாக்டர் சைலாதேவியும் அதன் பொறுப்பை ஏற்றனர். அதனை நடத்துவதற்கென அஷ்வினி என்ற சங்கமும் அமைக்கப்பெற்றது.

இம்மருத்துவமனையின் தனிச்சிறப்பு மருத்துவர்களைக் காட்டிலும் செவிலியரிடம் விளங்குகிறது. பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத பழங்குடிப் பெண்கள் அங்கேயே பயின்று, பிரசவ அறையிலும் அறுவை அறையிலும் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றலாயினர். காட்டுநாயக்கப் பாட்டி ஒருத்தி வந்து படுத்தால், அவள் மொழியில் நலம் விசாரிக்க ஒருவர் இருப்பார் என்பது மருந்தைப் போன்றே இன்றியமையாததன்றோ! ஊரில் சுகாதார வழிகாட்டி, வட்டாரத்தில் துணை மையம், கூடலூரில் மருத்துவமனை என மூன்று படிகளாக அமைப்பு வளர்ந்தது. 1952ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்ட அரிவாள் அணு நோய்க்கு, இங்கேதான் சோதனையும் தொடர்ந்த சிகிச்சையும் கிடைக்கலாயின.

பணத்துக்கு வழி? இதுவே எந்த நற்பணியையும் திணறச் செய்யும் கேள்வி. 1992ஆம் ஆண்டில் சங்க உறுப்பினருக்காக நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துடன் ஒரு காப்பீட்டு ஏற்பாடு செய்யப்பட்டது. ஏழைகளுக்குக் காப்பீடு என்பது அரசாங்கங்களின் பேச்சில் பெரிதாக இடம்பெறாத காலம் அது. நோயற்றவர் கொடுக்கும் சிறு தொகை நோயுற்றவருக்கு உதவும் என்ற தத்துவம், கூட்டாக வேட்டையாடிப் பகிர்ந்து உண்ட மக்களுக்குப் புதிதாக இருந்திராது என்றே தோன்றுகிறது. பிற்காலத்தில் நடந்த ஓர் ஆய்வு, காப்பீடு பெற்றவர்கள் பெறாதவர்களைவிட இரு மடங்குக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றதைக் கண்டது. நோய் மிகுந்தது என்பது இதன் பொருளன்று. முன்பு வீட்டிலேயே கிடந்தவர்கள் வரத் துணிந்தனர் என்று கொள்வதே தகும்.

கூடலூர் தனியொன்று அன்று. தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய சிகிச்சைக் கூடம், ஊரார் தம் கையால் கட்டிய ஒரு குடிசை. மராட்டியத்தில் ஜாம்கேட் என்னுமிடத்தில் 1970ஆம் ஆண்டிலேயே அரோலே தம்பதியர் கிராமப் பெண்களைப் பயிற்றி இவ்வழியைக் காட்டியிருந்தனர்.

இனிப் பாலக்காட்டுக்கு வருவோம். பவானியும் சிறுவாணியும் பாயும் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் வாழ்கின்றனர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே மிகப் பெரும்பான்மையினராக இருந்த இவர்கள், குடியேற்றத்தால் பின்னர்ப் பாதிக்கும் கீழே குறைந்தனர். நிலம் போயிற்று, நிலத்தோடு கேழ்வரகும் தினையும் சாமையும் போயின. 2007ஆம் ஆண்டில் கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசுச் சிறப்பு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 2013ஆம் ஆண்டில், பச்சிளங்குழந்தைகளின் மரணம் நாடெங்கும் செய்தியாயிற்று. மருத்துவமனை பயனற்றது என்று இதனால் நாம் கூறவில்லை. எடை குறைந்து பிறந்த குழந்தையை அம்மருத்துவமனை காப்பாற்ற முயலலாம். தாயின் வயிற்றில் அது மெலிந்ததற்கான காரணம் வயலிலும் அடுப்படியிலும் அல்லவோ இருந்தது! அதன்பின் குடும்பஸ்ரீ அமைப்பின் வழியாக ஊர்களில் சமுதாயச் சமையற்கூடங்கள் தொடங்கப்பட்டு, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உணவளிக்கப்பட்டது. சமைத்தவர்கள் அவ்வூர்ப் பெண்களே. அட்டப்பாடித் தாய்க்குலச் சங்கத்தார் மதுவுக்கு எதிராகப் போராடியதையும் சுகாதார வரலாற்றில் சேர்த்தே எழுதவேண்டும். கூலி சாராயமாக மாறும் வீட்டில் சத்துணவு எங்ஙனம் சேரும்?

இடுக்கி மாவட்டத்து இடமலைக்குடி இன்னும் கடினமான இடம். 2010ஆம் ஆண்டில் மூணாறு ஊராட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. வாழ்வோர் முதுவர்; அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கியது. இருபதுக்கு மேற்பட்ட குடிகள் காட்டுக்குள் சிதறியுள்ளன. ஊராட்சி அமைந்த பின்னும் அதன் அலுவலகம் நெடுங்காலம் தொலைவிலுள்ள தேவிகுளத்திலேயே இயங்கியது என்பதிலிருந்தே வழியின் அருமையை உணரலாம். சில குடிகளுக்கு மூணாற்றைவிட மலையின் மறுபுறத்து வால்பாறை அண்மையானது. மக்கள்தொகைக் கணக்கின்படி இடமலைக்குடிக்கு ஒருநாளும் தனி நிலையம் கிட்டியிராது. சில ஆயிரம் பேரே உள்ளனர். ஊராட்சி என்ற குரல் கிடைத்த பிறகே, ஆண்டுகள் பல கழித்து, சொசைட்டிக்குடியில் ஒரு குடும்ப சுகாதார நிலையம் அமைந்தது. மருத்துவரும் செவிலியரும் அங்கே தங்குவது அந்நிலையத்துக்கு உயிர். மழை கொட்டும் மாதங்களில் தொலைக்குடிகளிலிருந்து அந்நிலையம் வரைக்கும் நோயாளியை இளைஞர்கள் முறைமாற்றித் தோளில் சுமந்தே வருகின்றனர்.