கருணையின் கணக்குப் புத்தகம்: 1824 முதல்

முகநூலைத் திறந்தால் கால் ஒடிந்த நாயொன்றின் படம். அதற்குக் கீழே ஒரு வங்கிக் கணக்கிலக்கம். அதற்கும் கீழே சண்டை. "போன மாசம் சேர்த்த காசுக்கு என்ன நடந்தது?" என்று ஒருவர் கேட்பார். "ஒரு சதமும் தராத நீங்க கேட்க வந்துட்டீங்களா?" என்று இன்னொருவர் பாய்வார். கேட்டவர் கல்நெஞ்சக்காரர் ஆகிவிடுவார், சேர்த்தவர் கள்ளன் ஆகிவிடுவார். நாயை எல்லோரும் மறந்துவிடுவோம்.

இந்தச் சண்டைக்கு வயது 200. இன்றுவரை இயங்கும் விலங்கு நலச் சங்கங்களில் மிகப் பழையது இங்கிலாந்தின் ஆர்.எஸ்.பி.சி.ஏ. அது பிறந்து இரண்டு வருடங்களிலேயே அதன் செயலாளர் காசுப் பிரச்சினையால் சிறைக்குப் போனார். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1822 இல் றிச்சர்ட் மார்ட்டின் என்ற அயர்லாந்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒரு சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். மாடு, குதிரை, ஆடு, கழுதை போன்றவற்றைக் கொடுமைப்படுத்தினால் தண்டப்பணம், கட்டாவிட்டால் சிறை. நல்ல சட்டம்தான். ஆனால் யார் பிடிப்பது? லண்டனில் அப்போது ஒழுங்கான பொலிஸே இல்லை; அது வந்தது 1829 இல். வழக்குப் போட விரும்பும் ஆள் தன் காசிலேயே போட வேண்டும். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு கோப்பிக் கடையில் சிலர் கூடினார்கள். கூட்டியவர் ஆதர் புரூம் என்ற பாதிரியார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்போஸும் அதில் இருந்தார். சங்கம் உருவானது. புரூம் தனது தேவாலயப் பதவியையே விட்டுவிட்டு முழுநேரச் செயலாளரானார். ஸ்மித்ஃபீல்ட் மாட்டுச் சந்தையைக் கண்காணிக்க வீலர் என்பவரைத் தன் சொந்தச் செலவில் நியமித்தார். முதல் வருடத்திலேயே 63 பேர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

செலவு ஓடியது, வரவு நொண்டியது. கூட்டத்தில் கைதட்டியவர்கள் சந்தா கட்டவில்லை. (இது எந்த ஊர்ச் சங்கத்துக்கும் புதிதல்ல.) கடன் ஏறக்குறைய 300 பவுணுக்கு ஏறியது. அந்தக் காலத்தில் சங்கத்தின் கடன் செயலாளரின் தலையில். 1826 இல் புரூம் கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். மார்ட்டினும் லூயிஸ் கோம்பேர்ட்ஸ் என்பவரும் காசு திரட்டி அவரை வெளியே எடுத்தார்கள். அந்த மார்ட்டினே சில காலத்தில் கடன்காரருக்குப் பயந்து பிரான்ஸுக்குப் போய்விட்டார் என்பது இன்னொரு சோகம்.

அடுத்துச் செயலாளரானவர் கோம்பேர்ட்ஸ். அவர் ஒரு யூதர், புதிய கருவிகளைக் கண்டுபிடிப்பவர். இறைச்சி உண்ணமாட்டார், பால்கூடக் குடிக்கமாட்டார், குதிரை இழுக்கும் வண்டியில் ஏறமாட்டார். மூழ்கிக்கொண்டிருந்த சங்கத்தைத் தன் பணத்தையும் உழைப்பையும் போட்டுத் தூக்கி நிறுத்தினார். சங்கம் காலூன்றிய பிறகுதான் பிரச்சினை வந்தது. சந்தைகளில் சம்பளத்துக்கு ஆள் வைத்து உளவு பார்ப்பது மரியாதைக்குரிய வேலையா, நன்கொடையை அதற்குச் செலவழிக்கலாமா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். இன்னொரு பக்கம், சங்கம் முழுக்கக் கிறிஸ்தவக் கொள்கையின் மீதே நிற்கிறது என்று அறிவித்தார்கள். அப்படியானால் யூதருக்கு அங்கே என்ன வேலை? 1832 இல் கோம்பேர்ட்ஸ் வெளியேறி வேறொரு சங்கம் தொடங்கினார். கஷ்ட காலத்தில் காசு கொடுத்தபோது அவருடைய மார்க்கத்தை யாரும் கேட்கவில்லை. சிறுபான்மையாக வாழும் நமக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது.

1840 இல் விக்டோரியா மகாராணியின் ஆதரவோடு "றோயல்" பட்டம் கிடைத்தது. பெரிய இடத்துப் பெயர்கள் சேர்ந்தன, காசும் சேர்ந்தது. விமர்சனமும் நிறம் மாறியது: வண்டிக்காரனையும் மாடு ஓட்டுபவனையும் பிடிக்கிறீர்கள், நரி வேட்டையாடும் பிரபுவை ஏன் தொடுவதில்லை? 1868 இல் ஜோன் ஸ்டுவர்ட் மில்லைச் சங்கத்தின் உபதலைவராக அழைத்தார்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்தவர்களுக்குத் தெரிந்த அதே மில்தான். செல்வாக்கில்லாதவர்கள் செய்யும் குற்றங்களோடு மட்டும் சங்கம் நின்றுவிடுகிறது என்று காரணம் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஆனால் தன் மரண சாசனத்தில் அதே சங்கத்துக்கு 500 பவுண் எழுதி வைத்தார். கேள்வி கேட்பவரெல்லாம் எதிரி என்று நினைக்கும் சகோதரர்கள் மில்லைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மரண சாசனம் என்றதும் இன்னொரு விடயம். இந்தச் சங்கத்தின் வருமானத்தில் பெரும் பகுதி இறந்தவர்கள் எழுதி வைத்த சொத்துக்களிலிருந்தே வருகிறது. யோர்க்‌ஷயரில் ஒரு தாய் சுமார் 20 இலட்சம் பவுண் பெறுமதியான பண்ணையை, தன் ஒரே மகளுக்கு எதுவும் வைக்காமல், சங்கத்துக்கு எழுதி வைத்தார். மகள் வழக்குப் போட்டார். கணவரின் அழுத்தத்தால் எழுதப்பட்ட சாசனம் அது என்று 2009 இல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. வழக்குச் செலவே 10 இலட்சம் பவுணைத் தாண்டியது. எமக்கு மார்க்கம் வஸிய்யத்தை மூன்றில் ஒன்றோடு நிறுத்திய நியாயத்தை, இந்த வழக்கைப் படித்தபோது இன்னொரு முறை யோசித்தோம். சட்டப்படி வரவேண்டியதைக் கேட்டோம் என்பது சங்கத்தின் வாதம். அதில் பொய்யில்லை. ஆனாலும் கருணையின் பெயரால் திரட்டிய பணத்தைக் கொண்டு ஒரு மகளோடு கடைசிவரை வழக்காடியது மக்கள் மனதில் தங்கிவிட்டது.

பிறகுதான் பெரிய வெடிப்பு. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவதை 2004 இன் சட்டம் தடைசெய்திருந்தது. அதை மீறியதாக ஹீத்ரொப் என்ற வேட்டைக் கழகத்தின் மீது சங்கம் வழக்குப் போட்டது. அப்போதைய பிரதமர் டேவிட் கமரூனின் தொகுதியில் இயங்கும் கழகம் அது. 2012 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கழகத்துக்குத் தண்டப்பணம் 4,000 பவுண். சங்கம் வழக்குக்குச் செலவழித்தது ஏறக்குறைய 327,000 பவுண். தீர்ப்பளித்த நீதிபதியே அந்தத் தொகையைக் கேட்டு அதிர்ந்து, நன்கொடையை இதைவிடப் பயனுள்ளதாகச் செலவழித்திருக்கலாமென்று மக்கள் நினைக்கக்கூடும் என்றார்.

வேட்டையை ஆதரித்த அரசியல்வாதிகளும் பத்திரிகைகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நன்கொடையாளர் மீது திடீரென்று வந்த அக்கறையை நாம் அப்படியே நம்பத் தேவையில்லை. பணக்காரரைத் தொடுவதில்லை என்று மில் குறை சொன்ன சங்கம், பணக்காரரைத் தொட்டதும் "காசை வீணாக்குகிறாய்" என்ற குரல் கேட்டது. அதற்காகக் கேள்வி பிழையாகிவிடுமா? கேட்டவரின் நோக்கம் வேறு, கேள்வி வேறு. உண்டியலில் ஐந்து பவுண் போட்ட கிழவி பூனைக்கு மருந்து வாங்கத்தான் போட்டிருப்பார். அந்தக் காசு சட்டத்தரணியிடம் போகிறதென்றால் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது அமானிதம்.

சங்கம் சுயாதீன மீளாய்வொன்றுக்கு உடன்பட்டது. 2014 இல் வந்த அந்த அறிக்கை வழக்குத் தொடரும் முறையில் மாற்றங்களைக் கோரியது. நமது நாட்டிலோ 1907 ஆம் ஆண்டின் விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தில் தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா. அரசு தன் வேலையைச் செய்யாத இடத்தில் தருமம் சேர்ப்பவர்கள் இறங்குகிறார்கள், அவர்கள் இறங்கிய பிறகே கணக்குக் கேள்வியும் வருகிறது.

2021 இல் சங்கம் வழக்குத் தொடரும் வேலையை அரசின் வழக்குத் தொடுநர் சேவையிடம் கையளிக்கப் போவதாக அறிவித்தது. புரூம் தன் காசில் வீலரைச் சந்தைக்கு அனுப்பி 197 வருடங்கள் ஆகியிருந்தன. கண்காணிப்பாளர்கள் இன்னும் ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்களுடைய சம்பளம் இன்றும் நன்கொடையிலிருந்துதான்.