புதுப் பெட்டியைப் பழசாக்கியவர்

1901-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் ஒரு கடையின் கண்ணாடி ஜன்னல். அதற்குப் பின்னால், சுருட்டுப் பெட்டி போன்ற ஒரு மரப்பெட்டி, அடியில் நாலு சக்கரங்களுடன், தண்டவாளத்தில் தானாகவே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மின்சார விசிறியின் மோட்டார் ஒன்றை அதற்குள் பொருத்தி ஓடவிட்டிருந்தார், ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர். பெட்டியில் சரக்கை வைத்து ஓடவிட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், பிறகு உள்ளே வந்து சரக்கை வாங்குவார்கள் என்பது யோசனை. நின்று பார்க்கத்தான் செய்தார்கள், உள்ளேயும் வந்தார்கள். ஆனால் அவர்கள் விலை கேட்டது சரக்குக்கு அல்லவாம், வண்டிக்கு! அமெரிக்காவில் பெரும் புகழ்பெற்ற லயனல் பொம்மை ரயில்களின் கதை இப்படித் தொடங்கியதாகச் சொல்வார்கள்.

சுருட்டுப் பெட்டி பிறகு தகரமாயிற்று. தகரத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பளபளக்கும் வர்ணம் ஏறிற்று. வர்ணத்தோடு விலையும் ஏறிற்று. கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஒரு ரயில் வைப்பதற்குத் தகப்பனார்கள் மாதக் கணக்கில் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது.

1929-இல் பங்குச் சந்தை கவிழ்ந்து, அதைத் தொடர்ந்து பெருமந்தம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கையில் காசில்லாத அந்த நாளில்தான் ரயில் மாதிரி செய்யும் கலை அங்கே வேரூன்றியது. மில்வாக்கி நகரத்தில் ஆல் கால்ம்பாக் என்பவர் 1934-இல் இதற்கென்றே 'மாடல் ரெயில்ரோடர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். மறு ஆண்டு அதே ஊரில் தேசிய சங்கமும் ஏற்பட்டது. பொம்மை வேறு, மாதிரி வேறு என்பது இவர்கள் கட்சி. அசல் வண்டியில் 87-இல் ஒரு பங்கு என்ற கணக்குப் பலருக்கும் பிடித்துப் போயிற்று. இந்தக் கணக்குப்படி 40 அடிச் சரக்குப் பெட்டி ஐந்தரை அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. மூன்று தீப்பெட்டிகளை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஏறக்குறைய அந்த நீளந்தான். அதைச் செய்ய அட்டையும் மரச்சீவலும் பசையும் போதாதா?

யுத்தம் வந்தது. 1942-இல் லயனல் கம்பெனி ரயில் செய்வதை நிறுத்திவிட்டுக் கடற்படைக்குத் திசைகாட்டிக் கருவிகள் செய்யப் போயிற்று. ஆனாலும் 1943-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸை வெறுமனே விடக்கூடாது என்று ஒரு ரயில் போட்டது. முழுக்க முழுக்கக் காகித அட்டை ரயில்! விலை ஒரு டாலர். 200-க்கும் மேற்பட்ட துண்டுகளைப் பிரித்தெடுத்து, மடித்து, ஒன்றின் காதை இன்னொன்றின் துளையில் நுழைத்துப் பொருத்த வேண்டும். அது லேசில் உருவாகவில்லை. பண்டிகைக்கு முந்தின இரவு எத்தனை தகப்பனார்கள் கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தார்களோ! பிரிக்கப்படாமலே தப்பிய பொட்டலங்களைச் சேகரிப்பவர்கள் பிற்காலத்தில் தேடித் தேடி வாங்கினார்கள்.

அட்டையோடு பழகிய கைகளுக்கு இதில் கஷ்டம் இருந்திராது. அவர்களுடைய வித்தைகளைக் கேட்டால் நம் வீட்டுச் சமையலறையும் எழுதுமேஜையும் நினைவுக்கு வரும். பழைய பிரயாணி வண்டிகளின் கூரைமேல் கான்வாஸ் துணி போர்த்தி வர்ணம் பூசியிருப்பார்கள். மாதிரி வண்டியின் கூரைமேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி வர்ணம் பூசினால் அதே சாயல் வந்துவிடும். கைப்பிடிக் கம்பிக்கு வளைத்த குண்டூசி. மரம் ஏற்றிய வண்டி வேண்டுமா? மருந்து முனையை நறுக்கிய தீக்குச்சிகளை அடுக்கி, நூலால் கட்டிவிடலாம். நிலக்கரி வண்டிக்கு அட்டையைக் கூம்பலாக மடித்து உள்ளே வைத்து, பசை தடவி, நிஜக் கரியையே இடித்துச் சலித்துத் தூவுவார்கள். கரிக்கு வேஷம் போடக் கரியை விட்டால் வேறு யார்?

ஆனால் வண்டி புதிதாக இருந்தால் யார் நம்புவார்கள்? பளபளப்புத்தான் முதல் சத்துரு. பெட்டியின்மேல் விளக்கொளி பட்டுத் தெறித்தவுடனே, 'இது ஐந்தரை அங்குலம்' என்று கண் சொல்லிவிடுகிறது. நீர்த்த கறுப்பு மையைத் தடவித் துடைத்தால் பலகை இடுக்குகளில் மை தங்கி, ஒவ்வொரு பலகையும் தனித்தனியே எழும்பும். சாக்குக்கட்டியைச் சுரண்டிய தூள் சக்கரத்தோரத்துக்குப் புழுதியாகும். செம்பழுப்பு வர்ணம் ஒரு சொட்டு, ஆணிக்குக் கீழே துருவாக வழியும்.

இந்த 'அழுக்காக்கும் கலை'யை அமெரிக்காவில் பலருக்கும் காட்டிக் கொடுத்தவர் ஜான் ஆலன். 1913-இல் பிறந்தவர், தொழில் புகைப்படம் எடுப்பது. ஒளி எங்கே பொய் சொல்லும், எங்கே மெய் சொல்லும் என்பது அவருக்குத் தொழில் ஞானம். கலிபோர்னியாவில் மாண்டரே என்ற கடற்கரை ஊரில் 1946-இல் சிறியதாக ஒரு ரயில்பாதை தொடங்கினார். பிற்பாடு வேறு வீட்டுக்குப் போய், அங்கே தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பினார். கண்ணாடிகளை ஒளித்து வைத்து அறையை இரட்டிப்பாக்கினார். 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்று ஒலிக்கும்படி விசித்திரமான எழுத்துக்களில் ரயில்வேக்குப் பெயர் வைத்தார். இரத்தக் களரியும் தோல்வியும் என்று பொருள்! எம்மா என்ற விளையாட்டு டைனோசர் ஒன்றும் அங்கே உத்தியோகம் பார்த்தது. வேலை, பெட்டிகளை இழுத்து வரிசை மாற்றி நிறுத்துவது.

காசு கொடுத்து வாங்கிய புதுப் பெட்டிமேல் மையைக் கொட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. பொம்மை சேகரிப்பவர்களுக்கு, கீறல் விழாத பெட்டிக்குத்தான் விலை. அவர்கள் கணக்கில் ஆலனின் வண்டிகள் நஷ்டக் கணக்கு. நான் ஆலன் பக்கந்தான். கதாநாயகனுக்குச் சட்டையில் ஒரு பொத்தானாவது இல்லாமல் செய்யாதவரை வாசகர்கள் அவனை நம்புவதில்லை என்பது என் அனுபவம்.

1973 ஜனவரி 6-ஆம் தேதி ஆலன் மாரடைப்பால் இறந்தார். பத்து நாள் கழித்து அந்த வீட்டில் தீப்பிடித்தது. நிஜமான கரியும் புகையும் மலைகளையும் பாலங்களையும் மூடின. இருபத்தாறு வருஷ வேலையில் பெரும்பகுதி ஓர் இரவில் போய்விட்டது.

அவர் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. 'மாடல் ரெயில்ரோடர்' ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் ஆலனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1981-இல் வெளிவந்தபோது அவரும் இல்லை. அந்தப் படங்களில் துருப்பிடித்த பெட்டிகள் இன்னும் மலையோரமாக நின்றுகொண்டிருக்கின்றன.