தாழ்வழுத்த மின்வலை (மன்ஹாட்டன்)

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தெருக்களுக்கு அடியில் இயங்கும் மின்பகிர்மான முறை. 1920களில் உருவானது, இன்று கான் எடிசன் நிறுவனம் நடத்துகிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஏறத்தாழ 13 கிலோவோல்ட் அழுத்தத்தில் பல ஃபீடர்கள் (மின்சாரம் கொண்டுவரும் கேபிள்கள்) வருகின்றன. நடைபாதைக்கு அடியிலுள்ள அறைகளில் டிரான்ஸ்பார்மர்கள் அதை 120/208 வோல்ட்டாகக் குறைத்து, குறுக்கும் நெடுக்கும் இணைந்த ஒரே கேபிள் வலையில் சேர்க்கின்றன. ஃபீடர் ஒன்று பழுதானால் வலையிலுள்ள மின்சாரம் அதற்குள் பின்னோக்கிப் பாயும். அதை உணர்ந்து உடனே துண்டிப்பது ‘நெட்வொர்க் புரொடெக்டர்’ என்னும் தானியங்கி சுவிட்ச். குடியிருப்போருக்கு விளக்கு ஒருமுறை சிமிட்டியதோடு சரி. உச்சத் தேவையின்போது இரண்டு ஃபீடர்கள் போனாலும் தாங்குவதே வடிவமைப்பு விதி.

இவ்வளவும் ஆடம்பரம் போலத் தோன்றும். ஆனால் நகர மையத்தில் கேபிளைவிடத் தெருவைத் தோண்டி மூடுவதே பெருஞ்செலவு. முதலிலேயே தடித்த கேபிளும் உபரிக் குழாய்களும் போட்டுவிடுவதுதான் சிக்கனம். இந்த உபரி ஏற்பாட்டின் செலவும் நெருக்கமாக வாழும் பல்லாயிரம் பேரிடையே பகிரப்படுகிறது. வீடுகள் சிதறிக் கிடக்கும் புறநகருக்கு இது கட்டுப்படியாகாது. நிலத்தடியில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு: பனி உருக்கத் தூவும் உப்பு நீரோடு இறங்கிக் கேபிள் உறையைக் கெடுப்பதால், குளிர்காலத்தில் மேன்ஹோல்கள் புகைவதும் சிலசமயம் மூடி வெடித்துப் பறப்பதும் மன்ஹாட்டனில் புதிதல்ல.