கடைசி நேரத்தில் மனநல மருத்துவத்துக்கு மாறலாமா?

அறுவை சிகிச்சைதான்னு முடிவு பண்ணி 5 ஆண்டு படிச்சாச்சு. ஹவுஸ்மேன் ஆண்டில் திடீர்னு மனநல மருத்துவத்தில் ஆர்வம். லேட்டாயிடுச்சா?

சிங்கப்பூரில் இல்லை. ஹவுஸ்மேன் பயிற்சிக்குப் பிறகு, ரெசிடன்சியில் சேராதவர்கள் மெடிக்கல் ஆபீசராகத் துறை துறையாக மாறி வேலை செய்வார்கள். அப்போது மனநலப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். அங்கே சில மாதம் வேலை செய்தால் பரிந்துரைக்க ஒரு மனநல மருத்துவர் கிடைப்பார். 'இது நமக்குச் சரிவருமா' என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு சிக்கல்: மனநல மருத்துவ ரெசிடன்சி நாடு முழுதுக்கும் ஒன்றுதான். 5 ஆண்டுப் பயிற்சி. இங்கே இடம் கிடைக்காவிட்டால் வேறு குழுமத்தில் முயல வழியில்லை, அடுத்த ஆண்டுதான்.

நேர்காணலில் 'ஏன் மாறினீங்க?' என்று கேட்பார்கள். பழைய அறுவை சிகிச்சை ஆய்வுகளை மறைக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே ஆசை என்றும் கதைவிட வேண்டாம். பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கில்லாடிகள்! எந்த வார்டில், எந்த நோயாளியிடம் பேசியபோது மனம் மாறியது என்பதை, நோயாளியின் அடையாளம் தெரியாமல் சொல்லுங்கள்.